தை வெட்டு

குண்டுமல்லிக்கு எப்போது கவாத்து செய்யலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கொல்லை மண்ணில் மழை ஈரம் போய்விட்டதா? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர்க் குறிப்பில் நவம்பர் கடைசி வாரம் என்று போட்டிருக்கும். மதுரை, திண்டுக்கல் பக்கத்துச் செம்மண்ணுக்கு அது சரியான கணக்கு. காரைக்கால் பக்கம் எங்கள் திருவேட்டக்குடியில் நவம்பர் கடைசி என்றால் கார்த்திகை நடு. வடகிழக்குப் பருவமழை கடலிலிருந்து ஏறி ஏறி அடிக்கிற நேரம். வங்கக்கடலில் எங்கே காற்றழுத்தத் தாழ்வு உண்டானாலும் வானிலைச் செய்தியில் காரைக்கால் பெயர் வந்துவிடும். அந்த ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாய் ஆறாது. நுனி கறுக்கும், கறுப்பு கணு கணுவாகக் கீழே இறங்கும், நல்ல கிளைகூடத் தூர் வரைக்கும் காய்ந்து நிற்கும். அதனால் எங்கள் ஊரில் காத்திருக்க வேண்டும். மார்கழிப் பனி இறங்கி, மேல்மண் வெளுத்து, காலில் ஒட்டாமல் உதிர ஆரம்பித்த பிறகு, தை பிறந்ததும் கத்தரியைச் சாணை பிடிக்கலாம்.

எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தவர் கோயில் நந்தவன வேலையிலேயே வயதான ஒரு பெரியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் பூக்கார ஐயா. பஞ்சாங்கம் பார்ப்பார், ஆனால் வெட்டுக்கு நாள் குறிக்க மாட்டார். செடிக்கு ஒரு முழம் தள்ளிக் குனிந்து, மண்ணை ஒரு பிடி அள்ளி இறுக்குவார். விரலை விரித்ததும் மண் உருண்டையாக நின்றால் எழுந்து போய்விடுவார். பொலபொலவென்று கொட்டினால், "தம்பி, தண்ணிய நிறுத்து" என்பார். அன்றைக்கே வெட்டச் சொல்லமாட்டார். தண்ணீரை நிறுத்துவதுதான் முதல் வேலை.

இதை வாடப்போடுவது என்போம். மணல் கொல்லையில் பத்து நாள், களி மண்ணில் மூன்று வாரம்கூட ஆகும். இலையின் மினுமினுப்பு போகும், மத்தியான வெயிலில் கொழுந்து தலை சாயும், அடி இலைகள் பழுத்து விழும். புதிதாகச் செடி வளர்க்கிறவர்களுக்கு இந்த நாட்கள்தான் சோதனை. செடி கேட்கிறதே என்று மனசு கேட்காமல் ஒரு குடம் கொண்டுபோய் ஊற்றிவிடுவார்கள். ஊற்றினால் அவ்வளவு நாள் வாடவிட்டது வீண். மல்லிகை பழைய கிளையில் பூக்காது. புதுத் துளிரின் நுனியில்தான் அரும்பு கட்டும். செடி ஒரு முறை முழுசாக ஓய்ந்து, பிறகு ஒரே வீச்சில் துளிர்த்தால்தான் எல்லாத் துளிரும் சேர்ந்தாற்போல் அரும்பெடுக்கும். ஓயவிடாத செடி வருஷம் முழுக்க இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பூத்து, ஒரு முழம் கட்டக்கூடத் தேறாது.

கோட்டுச்சேரியில் ஒரு அக்கா வீட்டு மல்லியைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஆள் உயரம், பச்சைப் பசேல் என்று இலை, கிணற்றடியில் நிற்கிறது, பூ மட்டும் இல்லை. அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், போதாக்குறைக்கு வயலுக்கு வாங்கிய யூரியாவில் ஒரு கை. மேலே தென்னை மட்டையின் நிழல். இலைக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது, பூவுக்கு வேண்டியது எதுவும் இல்லை. "இதப் புடுங்கிப் போட்டுடவா தம்பி?" என்று கேட்டார்கள். வேண்டாம் அக்கா என்று சொல்லி, தண்ணீர் போகிற வாய்க்காலை வேறு பக்கம் திருப்பினோம், கீழ் மட்டைகளை இறக்கினோம், தை மாசம் முழங்கால் உயரத்துக்கு வெட்டினோம். பங்குனியில் கூப்பிட்டு அனுப்பி, எவர்சில்வர் கிண்ணம் நிறைய மொட்டைக் காட்டினார்கள். மல்லிகைக்குக் குறைந்தது அரை நாள் நேர் வெயில் வேண்டும். நிழலில் நிற்கிற செடி கொடியாக ஓடும், வெளிச்சம் தேடிப் பக்கத்து மரத்தைப் பிடிக்கும், பூக்காது.

வெட்டுக்கு வருகிறேன். தரையிலிருந்து ஒன்றரை அடி, கொஞ்சம் கூடவோ குறையவோ. ஐயா அளவுகோல் வைத்ததில்லை, அவருடைய முழங்கால்தான் அளவு. முதலில் செத்த குச்சி, பிறகு பென்சிலைவிட மெல்லிய குச்சி, பிறகு ஒன்றன்மேல் ஒன்று உராய்கிற கிளைகள். இவற்றை எடுத்த பிறகே உயரத்தைக் குறைக்க வேண்டும். நடு வயிறு திறந்து வெயில் தூரில் விழ வேண்டும். மல்லிகைக்கு இலை எதிரெதிராக இருக்கும். கணுவுக்கு ஒரு விரல்கடை மேலே சாய்வாக வெட்டினால் அந்தக் கணுவின் இரண்டு பக்கத்திலிருந்தும் துளிர் வரும். ரொம்ப மேலே வெட்டினால் மிச்சமிருக்கிற குச்சி காய்ந்து பூச்சிக்கு வீடாகும். கணுவை ஒட்டி வெட்டினால் கண் நசுங்கும். கத்தரி மழுங்கியிருந்தால் பட்டை கிழியும். கிழிந்த இடத்தில் துளிர் தாமதமாகும் என்பதை நீங்களே செடியில் பார்க்கலாம். ஒவ்வொரு வருஷமும் மூத்துப்போன தடித்த கிளையில் ஒன்றிரண்டை அடியோடு எடுத்துவிட்டால் தூரிலிருந்து புதுக்கிளை எழும், செடிக்கு வயசே ஆகாது. தடித்த வெட்டில் ஐயா மஞ்சளைக் குழைத்துப் பூசுவார். நான் காப்பர் ஆக்ஸிகுளோரைடைக் குழைத்துப் பூசுகிறேன். இரண்டிலும் வெட்டு ஆறத்தான் செய்கிறது.

வெட்டியபிறகு மிச்சமுள்ள இலைகளையும் கையாலேயே உருவிவிட வேண்டும். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், மொட்டைக் குச்சிகளாக நிற்கும். வரிச்சிக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவன் என்னிடம் கற்றுக்கொள்ள வந்தான். கை நல்ல கை, ஆனால் பாவம் பார்ப்பான். நுனியை மட்டும் நாலு விரல் கிள்ளிவிட்டு, "போதும் அண்ணே" என்றான். அவன் பங்குக்கு விட்ட வரிசையை அப்படியே விட்டுவைத்தேன். பங்குனியில் அவன் வரிசையில் துளிர் மெலிசாக, உயரத்தில், எட்டாத இடத்தில் அரும்பெடுத்தது; மொட்டும் சிறுத்தது. பக்கத்து வரிசையில் பென்சில் கனத்துத் துளிர், இடுப்பு உயரத்தில் பூ. நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தையில் அவனே முழங்காலை வைத்து அளந்தான்.

இலை உருவி மூன்று நாலு நாள் அப்படியே காயவிட்டு, தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாகக் கொத்திவிட்டு, மக்கிய தொழு எரு வைக்க வேண்டும். பெரிய செடிக்குப் பத்து கிலோ என்பது கணக்கு. கூட வேப்பம்பிண்ணாக்கு இரண்டு கை. ஆட்டுப் புழுக்கை கிடைத்தால் விடாதீர்கள், எங்கள் மணலில் அது மெல்ல மெல்லக் கரைந்து மழைக்காலம் வரைக்கும் பேசும். பச்சைச் சாணி மட்டும் ஆகாது. மண் அணைத்து, பாத்தி கட்டி, நிறைய ஒரு தண்ணீர். அந்த முதல் தண்ணீர் அடிவேர் வரைக்கும் போக வேண்டும். எட்டாம் நாள், பத்தாம் நாள் கணுக்களில் செம்பு நிறத்தில் கண் திறக்கும். அதைப் பார்க்கிற சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை.

எங்கள் ஊர் மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிழக்கே மண்டபத்தூர், காளிக்குப்பம் பக்கம் போனால் சுத்த மணல். மேற்கே வயல் பக்கம் களி. நடுவில் இருக்கிற கொல்லைகளில் இரண்டும் கலந்து கிடக்கும், மல்லிக்கு அதுதான் பொருத்தம். மணலில் வேர் தாராளமாக ஓடும், ஆனால் எருவும் தண்ணீரும் தங்காது. அதனால் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். களியில் மழைக்காலத் தண்ணீர் நின்று வேர் அழுகும். களிக்கொல்லைக்காரர்கள் குழி எடுக்கவே வேண்டாம், ஒன்றரை அடி மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்துக்காரர்கள் கடல் மணலிலேயே மல்லிக் குச்சியை வேர்விடவைத்து நாடெங்கும் அனுப்புகிறார்கள். இந்தச் செடிக்கு மணல் பகையில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பகை உப்புதான். சித்திரை வைகாசியில் கிணற்று நீர் கீழே இறங்கியதும் உவர் ஏறும். நாங்கள் காவிரியின் கடைமடை. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துசேர நாளாகும். பூ உச்சத்தில் இருக்கிற அதே நாட்களில் நல்ல தண்ணீர் குறைந்து நிற்கும். உப்புத் தண்ணீர் பட்டால் இலை ஓரம் தீய்ந்து சுருளும், மொட்டு சிறுக்கும். வாயில் ஊற்றிப் பாருங்கள். நாக்குக்குக் கரிப்புத் தெரிந்தால் செடிக்கு ஊற்றாதீர்கள். குளத்து நீர், கூரையிலிருந்து பிடித்த நீர் எது இருந்தாலும் அதைச் சாயங்காலம் தூருக்கு மட்டும் விட்டு, மேலே வைக்கோலோ தென்னஞ்சோகையோ போட்டு மூடுங்கள். கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது உப்பின் வேலை இல்லை, இரும்புச் சத்துக் குறைவு. லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி கரைத்து இலை நனையத் தெளித்தால் பச்சை திரும்பும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் நிறையப் பேர் உரம் உரமாகப் போட்டுச் செடியைக் கொல்கிறார்கள். சந்தேகமாக இருந்தால் செருமாவிலங்கை வேளாண்மைக் கல்லூரியில் ஒரு கொத்து இலையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் உள்ளே வந்தபோது, மனிதர்கள் போன துக்கத்தில் செடியைப் பற்றி நினைக்க யாருக்கும் தோன்றவில்லை. மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, உப்புநீர் நின்று வடிந்த கொல்லைகளில் மல்லி குச்சியாக நின்றது. உடனே புதுச்செடி வைக்கக் கிளம்பியவர்களை ஐயா தடுத்தார். "மழ வந்து கழுவட்டும். ஒரு ஐப்பசி போவட்டும்." 2005-இல் மழை கொட்டித் தீர்த்தது. வரப்பை உயர்த்தி மழைநீரை நிறுத்தினோம், ஊறவிட்டோம், வடித்தோம், மறுபடி நிறுத்தினோம். அதற்கும் அடுத்த வருஷம் நட்டவை பிழைத்தன. சில பழைய தூர்கள் மண்ணுக்குக் கீழே உயிரை வைத்துக்கொண்டிருந்து தானாகத் துளிர்த்தன. அந்தத் தூர்களிலிருந்து எடுத்த குச்சிகள்தான் இன்று என் கொல்லையில் தென்வரிசை.

கடல்காற்றுக்கும் வேலி கட்ட வேண்டும். சுவர் வைத்தால் காற்று சுழன்று உள்ளே விழும். பூவரசு, கிளுவை, ஆடாதொடை என்று உயிர்வேலியாக வைத்தால் காற்றை வடிகட்டி விடும். கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் வேலியில்லாத கொல்லைகளில் கடல் பார்த்த பக்கத்து இலைகளெல்லாம் உப்பு பட்டுப் பழுப்பேறி உதிர்ந்தன. இலை உதிர்ந்ததும் செடி கார்த்திகையிலேயே துளிர்த்தது. சிலர் அதுவே கவாத்து ஆகிவிட்டது என்று அப்படியே விட்டார்கள். குளிரில் வந்த அந்தத் துளிரில் பூ கொஞ்சம்தான், வெயில் காலத்துக்குச் செடியிடம் தெம்பும் இல்லை. காத்திருந்து தையில் மறுபடி வெட்டியவர்களுக்குப் பங்குனி வழக்கம்போல வந்தது.

மாசி மகத்துக்கு எங்கள் ஊர்ச் சாமி திருமேனியழகர் கடலாடப் புறப்படுகிற சமயத்தில் துளிர் நுனியில் அரும்பு தெரியத் தொடங்கும். முந்தி வருகிற மொட்டுகள் சிறியவை. வெயில் ஏற ஏறப் பருக்கும். பங்குனிக் கடைசியும் சித்திரையும்தான் உச்சம். அரும்பை உற்றுப் பாருங்கள்: பெரும்பாலும் மூன்று மூன்றாக இருக்கும். நடுமொட்டு முதலில் முற்றும், பக்கத்து இரண்டும் அதற்குப் பின்னால்தான். அவசரக்காரர்கள் கொத்தையே கிள்ளிவிடுவார்கள், நாளை மறுநாள் பூ அதோடு போச்சு. ஐயாவின் வலது கட்டைவிரல் நகம் இதற்காகவே கொஞ்சம் வளர்ந்திருக்கும். ஆள்காட்டி விரலால் நடுமொட்டின் கழுத்தைத் தாங்கி, நகத்தை வைத்து ஒரு அழுத்து. பக்கத்து இரண்டும் அசையாது. கிளையை இழுக்கவே மாட்டார், கைதான் மொட்டிடம் போகும். இருட்டிலும் அவர் கை தவறிப் பிஞ்சைப் பறித்து நான் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் விரியப்போகிற மொட்டில் பச்சை துளியும் இருக்காது, பால் வெள்ளையாக, விரலுக்கு உருண்டு திரண்டு நிற்கும். இன்னும் ஒரு நாள் வேண்டியது அடியில் லேசாகப் பச்சை காட்டும், தொட்டால் கெட்டியாக, ஒல்லியாக இருக்கும். இந்த வித்தியாசம் கண்ணுக்கு வருவதற்கு முன்னால் விரலுக்கு வந்துவிடும், ஒரு பருவம் தினமும் பறித்தால் போதும்.

விடிவதற்கு முன்னால் பறித்துவிட வேண்டும். வெயில் பட்ட மொட்டு சூடேறிச் சீக்கிரம் வாய் திறக்கும், கட்டுவதற்குள் துவளும். பறித்ததை ஈரத்துணியில் பரப்பி வையுங்கள், பாலித்தீன் பையில் போட்டுக் கட்டாதீர்கள், வேர்த்துப் பழுப்பேறும். வாழைநாரை முதல்நாள் இரவே நனைத்துவைத்தால் கட்டும்போது அறுபடாது, பூவின் காம்பையும் அறுக்காது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அந்த மண்ணில் அந்த மொட்டுக்குக் கனம் அதிகம், தாங்கும் நேரமும் அதிகம், கொடுத்தது நியாயம். எங்கள் மொட்டு அவ்வளவு தூரம் லாரி ஏற வேண்டியதில்லை. காலையில் பறித்தது அன்று சாயங்காலமே சன்னதியிலோ ஒரு தலையிலோ விரிந்துவிடும்.

பூச்சி விஷயத்தில் இரண்டை அறிந்துகொண்டால் போதும். மொட்டில் வட்டமாகத் துளை இருந்து, பக்கத்து மொட்டுகளை நூலால் பின்னியிருந்தால் மொட்டுப்புழு. மொட்டு வளராமல் ஊதாச் சிவப்பாக மாறிச் சுருங்கினால் மொட்டு ஈ. இந்த ஈயின் புழு மொட்டுக்குள்ளே தின்றுவிட்டுத் தூர் மண்ணில் விழுந்து கூடு கட்டும். மேலே எவ்வளவு தெளித்தாலும் கீழே இருப்பது அடுத்த வாரம் எழும்பி வரும். ஊதா மொட்டைக் கண்டால் கண்டவுடன் கிள்ளி, ஒரு டப்பாவில் சேர்த்து, எரித்துவிடுங்கள். கீழே உதிர்ந்ததையும் விடாமல் பொறுக்குங்கள். தூர் மண்ணை வாரம் ஒரு முறை கிளறி வெயில் காட்டுங்கள். நாம் தையில் போட்ட வேப்பம்பிண்ணாக்கு இங்கேதான் தன் வேலையைக் காட்டும். தலையில் வைக்கிற பூ, சாமிக்குப் போகிற பூ, மோந்து பார்க்கிற குழந்தையின் மூக்கில் படுகிற பூ. அதன்மேல் மருந்து அடிக்க எனக்கு மனம் வருவதில்லை. வேப்பெண்ணெய்க் கரைசலோடு நிறுத்திக்கொள்கிறேன். பத்தில் ஒரு மொட்டு போனால் போகட்டும்.

வைகாசி பாதியில் முதல் வீச்சு அடங்கும். அப்போது பூத்து முடிந்த நுனிகளை இரண்டு கணு கிள்ளிவிட்டு, கடலைப்பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்துத் தூருக்கு ஊற்றினால், ஆனியில் காரைக்கால் அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா நடக்கிற நாட்களுக்கு இரண்டாம் வீச்சு கிடைக்கும். அதற்குப் பிறகும் ஆவணி வரை வரும், ஆனால் வரவரக் குறையும். வேலியைத் தாண்டி ஓடுகிற பூக்காத நீளக் கொடிகளை மட்டும் அவ்வப்போது நறுக்கிக்கொண்டிருங்கள். புரட்டாசியில் எருவும் வேண்டாம், வெட்டும் வேண்டாம். வடிகால் மட்டும் வெட்டிவையுங்கள், மழை வருகிறது.

குச்சி வேண்டுகிறவர்கள் ஆடி பிறந்ததும் என் கொல்லைக்கு வரலாம். பென்சில் கனத்தில், ரொம்ப முற்றாமலும் ரொம்ப இளசாக இல்லாமலும், நாலு கணு உள்ளதாக வெட்டித் தருகிறேன். அடி இலைகளைக் கிள்ளி, இரண்டு கணு மணலுக்குள் போகும்படி சாய்த்து நட்டு, நிழலில் வைத்து, மணல் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துளிர் வந்ததும் வேர் வந்துவிட்டது என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். குச்சியில் இருக்கிற சத்திலேயே முதல் துளிர் வந்துவிடும், வேர் அதற்குப் பின்னால்தான். ஒன்றரை இரண்டு மாதம் போகட்டும். புரட்டாசி முடிவதற்குள் வேர் பிடித்தால் நட்டுவிடுங்கள், செடிக்குச் செடி நாலடி விட்டு. பிடிக்கவில்லை என்றால் மழை முழுக்கத் தொட்டியிலேயே திண்ணை ஓரம் வைத்திருந்து தையில் நடுங்கள். முதல் வருஷம் வருகிற அரும்பைக் கிள்ளிவிட வேண்டும். அதற்கு மனசு வராதவர்கள் என்னைக் கூப்பிடுங்கள், வந்து கிள்ளித் தருகிறேன்.